சேவியர் தன் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தது

என் மனைவி ஸ்டெல்லாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போன நேரத்தில், நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டி போட்டிருந்தேன். கையில் ஜெபமாலை. கண் மூடியிருந்தது. மரக்காணம் தாண்டி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். ஒரு மரம் கிடையாது. உச்சி வெயில். வண்டியின் செயின் அறுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாதா புதுமை செய்து வண்டியை ஓட வைப்பாள், நான் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லலாம் என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நம் கோயில் பங்கு இதழுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஃபாதரிடம் நானாகத்தான் கேட்டேன். மைக்கில் சொன்னால் மறுபடியும் குரலை ஏற்றி இறக்கி நடிக்க ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பேனா பிடித்தால் அந்த வேலை நடக்காது.

என் பெயர் அந்தோணிராஜ். ராயபுரம்தான் பிறந்தது வளர்ந்தது எல்லாம். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டி, இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நம் பங்கிலிருந்து வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு பைக்கில் போகும் குழுவை ஒன்பது வருடம் நான்தான் நடத்தினேன். எத்தனை வண்டி, யார் முன்னால், யார் பின்னால், எங்கே டீ, எங்கே சாப்பாடு எல்லாம் நான் சொன்னதுதான். எனக்குக் கோபம் வரும். வாய் நீளம். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஸ்டெல்லாவுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. படுத்த படுக்கையாகிவிடுவாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்போது மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். "அவளை எழுப்பி உட்கார வை, என் வண்டியிலேயே உன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். குச்சி ஊன்றி நடக்கவும் செய்தாள். ஆனால் பைக்கில் பின்னால் உட்கார முடியாது, சாய்ந்துவிடுவாள். அதனால் எர்ணாவூரில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லி என் பைக்குக்குப் பக்கத்தில் சைடு கார் வைத்தேன். மெத்தை போட்டு, பெல்ட் போட்டு, நீல பெயின்ட் அடித்து. அதில் அவள் உட்கார்ந்து தெருவில் ஒரு ரவுண்டு வந்தபோது பிள்ளைகள் எல்லாம் கூடவே ஓடி வந்தார்கள். அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு அது.

சேவியர் எங்கள் குழுவில் ஒருவன். எர்ணாவூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். அதிகம் பேச மாட்டான். நீண்ட தூரம் போகும்போது பழைய ஜீன்ஸ் துணியில் அவன் மனைவி தைத்துக் கொடுத்த ஒரு டூல்ஸ் பையை வண்டியில் கட்டிக்கொண்டு வருவான். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பங்சர் ஒட்டும் சாமான், கை பம்பு, கிளட்ச் கேபிள், செயினை இணைக்கும் லாக் என்று எல்லாம் இருக்கும். இது நடப்பதற்கு முந்தைய வருடம் கடலூர் தாண்டி என் வண்டி நின்றபோது அவன்தான் கால் மணி நேரத்தில் சரி செய்தான். அன்றைக்கு வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் "சேவியர் இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்றே பேசினார்கள். திரும்பி வந்த பிறகு ஃபாதரும் அவனைக் கூப்பிட்டுத் தட்டிக் கொடுத்தார். அத்தனை வருடம் குழுவை நடத்திய என்னைத் தட்டிக் கொடுக்கவில்லை. அது எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இதுவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம் இது.

போன ஆகஸ்ட் கடைசி வாரம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்தோம். ஏழு வண்டி. ஹேண்டில் எல்லாவற்றிலும் மாதா கொடி. ஃபாதர் தீர்த்தம் தெளிக்க வருவதற்கு முன்னால் நான் வழக்கம்போல நாலு வார்த்தை பேசினேன். பேசிக்கொண்டே வந்தவன் கண்ணில் சேவியர் வண்டியில் கட்டியிருந்த டூல்ஸ் பை பட்டது.

"இன்னா சேவியரு இது? போற வழியில மெக்கானிக் ஷாப்பு தொறக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"இல்லண்ணே... ரோட்டுல எதுனா ஆச்சின்னா..."

"எதுவும் ஆவாது! கூட்டிகினு போறது யாரு? மாதா! நீ ஸ்பேனர நம்புறியா, மாதாவ நம்புறியா? சொல்லு. எல்லாருக்கும் கேக்கறா மாதிரி சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். "மாதாவத்தாண்ணே" என்றான்.

"அப்ப அத்த அவுத்து வூட்டுக்குக் குடுத்து அனுப்பு."

அவிழ்த்தான். அவன் மனைவி மேரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நான் விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கிச் சொன்னேன்: "இந்த வருஷம் எந்த மெக்கானிக் கையும் படாம நம்ம வண்டிங்க மாதா கோயிலுக்குப் போய்ச் சேரும்!" கை தட்டினீர்கள். உங்களில் பலர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள்.

தீர்த்தம் தெளித்து முடிந்ததும் சேவியர் என்னிடம் தனியாக வந்து சொன்னான்: "அண்ணே, உன் செயின் லாக் தேஞ்சி கீதுண்ணே. சைடு கார் வெயிட்டு வேற. மாத்திடு." நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரி சரி, போ" என்றேன். மாற்றவில்லை.

புதன்கிழமை விடியற்காலை கிளம்பினோம். சைடு கார் வண்டி வேகமாகப் போகாது. மற்ற ஐந்து வண்டிகளையும் முன்னால் அனுப்பிவிட்டேன். சேவியர் மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் வந்தான். ஸ்டெல்லா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வழியில் மாதா சொரூபம் வைத்த ஒவ்வொரு கெபியையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். மரக்காணம் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். படார் என்று ஒரு சத்தம். செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது. லாக் எங்கே தெறித்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மண்ணில் தேடினோம். கிடைக்கவில்லை.

"நான் போயி மரக்காணத்துலருந்து மெக்கானிக்க இட்டுகினு வரட்டாண்ணே?" என்றான் சேவியர்.

"வேணாம்."

"முன்னாடி போனவங்களுக்கு போன் போடட்டா?"

"வேணாங்கறேன்ல! போன் போட்டா கேலி பண்ணுவானுங்க. மெக்கானிக் கை படக்கூடாதுன்னு நேந்துகினு கீறேன். முட்டி போடு. ஜெபமாலை சொல்லு."

அது பொய். மாதாவிடம் நான் அப்படி நேரவில்லை. வண்டியில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் நேர்ந்துகொண்டேன். மெக்கானிக் கை படாமல் என்பது உங்களிடம் அடித்த ஜம்பம். அந்த ஜம்பத்தை அங்கே ரோட்டில் நின்றுகொண்டு நேர்த்திக்கடன் என்று பெயர் மாற்றிவிட்டேன். மாதாவின் பெயரைச் சொல்லி என் முகத்தைக் காப்பாற்றப் பார்த்தேன்.

சேவியர் முட்டி போட்டான். ஆனால் அவன் மனசு ஜெபத்தில் இல்லை. நடுநடுவே எழுந்து போய்த் தன் வண்டி பக்கத்தில் நின்றான். சீட்டின் மேல் கையை வைத்தான். என்னைப் பார்த்தான். மறுபடி வந்து முட்டி போட்டான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். "இன்னா, ஜெபத்துல உக்காந்தா உடம்பு அரிக்கிதா?" என்று ஒரு முறை கத்தினேன். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

ஸ்டெல்லா இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். கொடுத்தோம். பாட்டில் தீர்ந்துவிட்டது. சேவியர் தன் துண்டை அவள் தலைக்கு மேல் கட்டினான். முதல் ஜெபமாலை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது ஆரம்பித்தபோது அவளும் கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அண்ணே! அண்ணியப் பாருண்ணே!"

திரும்பினேன். தலை ஒரு பக்கம் தொங்கியது. வாய் கோணி எச்சில் வழிந்தது. "ஸ்டெல்லா" என்றேன். ஏதோ சொன்னாள். வார்த்தை வரவில்லை, கொழகொழ என்று சத்தம் மட்டும் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அடுப்படியில் அவள் விழுந்தபோது கேட்ட அதே சத்தம்.

ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினேன். இரண்டு கார் ஒதுங்கிப் போய்விட்டன. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். கிளம்பி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். சேவியர் வண்டியில் அவளை உட்கார வைக்கத் தூக்கினோம். உடம்பு துணி மாதிரி மடிந்தது, வண்டியோடு சாய்ந்தாள். முடியவில்லை. மறுபடி சைடு காரிலேயே கிடத்தினேன். அப்போதுதான் நான் ஜெபம் செய்தேன். அதற்கு முன் ஒரு மணி நேரம் செய்தது ஜெபமே இல்லை. ரோட்டில் தலையை வைத்துக்கொண்டு கத்தினேன்: "அம்மா, நான் நாறப் பய. என் கணக்க அவ மேல எழுதாத. யாரையாச்சும் அனுப்பு. எதையாச்சும் குடு. அவ உசுரு போதும்மா எனக்கு."

தலையைத் தூக்கியபோது சேவியர் தன் வண்டி சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு சுருட்டி வைத்திருந்தது. அதைப் பிரித்தான். கட்டிங் பிளேயர், இரண்டு மூன்று ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் புதிய செயின் லாக்.

"கோச்சிக்காதண்ணே. பைய வுட்டுட்டேன். இத்த மட்டும் எடுத்துகினு வந்துட்டேன். உன் லாக்கு தேஞ்சி இருந்துச்சேன்னு... உனக்குன்னுதாண்ணே வாங்கினேன்."

நான் கேட்டது வந்திருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே வந்திருந்தது. ராயபுரத்திலிருந்து என் பின்னாலேயே வந்து, ஒரு மணி நேரமாக எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. என் வாய்க்குப் பயந்து வெளியே வராமல் கிடந்தது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. செயினை மாட்டினான், லாக்கைப் போட்டான், பிளேயரால் அழுத்தினான், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். "ஓட்டுண்ணே" என்றான். வண்டியைத் திருப்பி மரக்காணத்துக்கு விட்டேன். அவன் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தான், ஒரு கையை நீட்டி அவள் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டே. எப்படி அப்படி ஓட்டினான் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு ஊசி போட்டார், டிரிப் ஏற்றினார், புதுச்சேரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். "எவ்வளவு நேரம் இவங்கள வெயில்ல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். "கேக்கறேன்ல?" என்றார். சேவியர்தான் முன்னால் வந்து, "வண்டி ரிப்பேரு டாக்டர், நான் லேட் பண்ணிட்டேன்" என்றான். நான் அவனைத் தடுக்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவளை உள்ளே கொண்டுபோன பிறகு வராண்டாவில் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா முன்னாடியே எடுக்கல? ஏன்டா சாவற வரைக்கும் பாத்துகினு நின்ன?" ஜனங்கள் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

புதுச்சேரியில் ஐந்து நாள் இருந்தோம். மாதாவின் இரக்கத்தால் ஸ்டெல்லாவின் பேச்சு திரும்ப வந்தது. வாய் சரியானது. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார். வேளாங்கண்ணி போகாமலேயே வீட்டுக்குத் திரும்பினோம்.

செப்டம்பரில் நம் கோயில் திருவிழா முடிந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் அன்பியக் கூட்டம், பங்குக் குடும்பங்கள் ஒன்றாகக் கூடி ஜெபிப்பது. மாதா செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். செயின் அறுந்தது, பாலைவனம் மாதிரி இடம், மனைவி சாகக் கிடந்தாள், மூன்று ஜெபமாலை சொன்னோம், வண்டி ஓடியது. "எந்த மெக்கானிக் கையும் படல!" என்று மைக்கில் கத்தினேன். நீங்கள் அழுதீர்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு அம்மாக்கள் என் கையைப் பிடித்து, பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். நானும் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். சேவியர் பெயரை நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவன் பாதிக் கூட்டத்தில்தான் வந்தான். லேட்டாக வந்ததற்கு மேடையிலிருந்தே அவனை முறைத்தேன். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினான்.

ஸ்டெல்லா அன்றைக்கு வரவில்லை. திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "உங்க வூட்டுக்காரரு சாட்சி கேட்டு அழுதுட்டேன்க்கா" என்று சொல்லியிருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்ததும் ஸ்டெல்லா குச்சியை ஊன்றி எழுந்து நின்றாள்.

"ஏங்க, சேவியரு அங்க இல்லியா? அந்த லாக்கு வானத்துலருந்தா வுழுந்துச்சி?"

"அதுக்கில்ல, மாதாவுக்குப் பெருமையா இருக்கட்டுமேன்னு..."

"மாதாவுக்கா? உனக்கா?" அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் முறை. "வாயி கோணிகினு கெடந்தேன், ஆனா காது கேட்டுச்சி. அவன நீ கத்தினது எல்லாம் கேட்டுச்சி. போயி அவன் கையப் புடிச்சி மன்னிப்பு கேளு. அது வரைக்கும் என்னாண்ட பேசாத."

நான் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாள் ஓடியது. அவள் சொன்னபடியே பேசவில்லை. மருந்து வாங்கி வைத்தால் எடுத்துப் போட்டுக்கொள்வாள், சோறு போட்டால் சாப்பிடுவாள், ஒரு வார்த்தை கிடையாது. எந்த உயிருக்காக ரோட்டில் தலையை முட்டிக்கொண்டேனோ அது என் வீட்டில்தான் இருந்தது. ஆனால் அதன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்ணாவூரில் சேவியர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மேரி கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள், அவ்வளவுதான். சேவியர் சோற்றுக் கையோடு எழுந்து வந்தான். நான் அவன் காலைத் தொடக் குனிந்தேன். அவன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான்.

"இன்னாண்ணே இது! எழுந்திரு! மேரி, அண்ணனுக்கு ஒரு தட்டு போடு."

"சேவியரு, சாட்சி சொன்னேன்ல. உன் பேர சொல்லல. வேணும்னேதான் சொல்லல. நீ அங்கயே உக்காந்துகினு கை தட்டின."

அவன் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"பேரு கெடக்குதுண்ணே, வுடு. அன்னிக்கி நான் ஏன் லேட்டா வந்தேன்னு உனக்குத் தெரியாதுல்ல? கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு நின்னுகினு இருந்தேன். வரிசை பெருசு. அண்ணி துடிக்கும்போது, திட்டு வாங்குவமேன்னு பயந்துகினு கைய கட்டிகினு நின்னேன் சாமி, அந்தப் பாவத்த மன்னிங்கன்னு சொல்லி அழுதுட்டுதான் கூட்டத்துக்கு வந்தேன். ஃபாதரு பரிகாரமா ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு. எனக்கு அது பத்தல. இன்னும் தெனம் ஒண்ணு சொல்லிகினு கீறேன்."

நான் அவன் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பாவத்தை அவன் தன் பாவமாகத் தூக்கிக்கொண்டு போய், கோயிலுக்குள் முட்டி போட்டு அழுதிருக்கிறான். அதே நேரத்தில் பத்தடி தள்ளி, மண்டபத்தில் நான் மைக் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவன் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்து எனக்குக் கை தட்டியிருக்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் ஸ்டெல்லா வாய் விட்டு அழுதாள். பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். மறு வாரம் நானும் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். குழுவை நடத்தும் பொறுப்பை விட்டுவிட்டேன். நானாகத்தான் விட்டேன், யாரும் பிடுங்கவில்லை. இந்த வருடம் சேவியர் முன்னால் போகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவன் மாட்டேன் என்கிறான், மேரி சம்மதிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வாய் இன்னும் நீளம்தான். ஆனால் யாராவது என்னிடம் ஏதோ சொல்ல வந்து தயங்கி நின்றால், இப்போது நானே கிட்டப் போய் நிற்கிறேன். "சொல்லுப்பா, பரவால்ல, சொல்லு" என்கிறேன்.

செப்டம்பரில் நான் சொன்ன சாட்சியை நம்பி அழுதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்னிடம் தலையைக் கொடுத்து ஜெபிக்கச் சொன்ன அந்த இரண்டு அம்மாக்களிடம் தனியாகக் கேட்கிறேன். ஆனால் அதற்காக நீங்கள் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். அந்தச் சாட்சியில் நான்தான் பொய், மாதா பொய் இல்லை. வண்டியில் டூல்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், கையில் ஜெபமாலையும் எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் மாதாவிடம் எதையும் கேட்க என்னைவிட யோக்கியதை இல்லாதவன் யாரும் இருந்திருக்க மாட்டான். என் ஸ்டெல்லா இப்போது உள்ளே உட்கார்ந்து, இதை எழுதி முடித்தாயிற்றா என்று சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கே மாதா கொடுத்தாள் என்றால் உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா? பயப்படாமல் கேளுங்கள்.